முதல் உரிமம் பெற்ற விமானி

இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்கு வானத்தை அண்ணாந்து பார்ப்பது பழகிப்போன செயல். மழைக்காலம் முடிந்தால் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும், பார்ப்போம். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் தீக்கோடு இழுத்துக்கொண்டு எழும், அதையும் பார்ப்போம். ராக்கெட் ஏவும் நாளில் எங்கள் படகுகளுக்குக் கடல் மூடப்படும். அப்பகுதி வானமும் அன்று விமானங்களுக்கு அப்படியே மூடப்படும் என்று பின்னர் அறிந்தபோது, விமானிகளும் எங்களைப் போலக் கரையில் காத்திருப்பவர்கள்தாமா என்று சிரித்துக்கொண்டேன். மற்ற நாட்களில் சென்னையிலிருந்து வடக்கே செல்லும் விமானங்கள் எங்கள் குப்பத்தின் மேலே போகும். நாங்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வலையைப் பார்க்கக் குனிந்துவிடுவோம். என் தம்பி மட்டும் விமானம் மறைந்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

அவன் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படிக்கிறான். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, தொழில்முறை விமானி உரிமத்துக்கு வேண்டிய தகுதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். அந்த நூறிலும் 50 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி எனப்படும் நெடுவழிப் பறத்தலாக இருக்க வேண்டும். அவற்றுள் ஒரு பயணமாவது 300 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டர் தூரம் சென்று, வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறியதாக இருக்க வேண்டும்.

வரலாறு படிக்கும் எனக்கு நெடுவழிப் பறத்தல் என்பது விளங்கவில்லை. தம்பி விளக்கினான். புறப்பட்ட ஓடுபாதையையே சுற்றிச் சுற்றி வந்து இறங்குவது அந்தக் கணக்கில் சேராது. ஓரிடத்தில் எழுந்து, வரைபடத்தையும் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் கொண்டு, காற்று பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்கிட்டு, இன்ன நேரத்தில் இன்ன ஆறு, இன்ன மலை கண்ணில் பட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு வேறோர் ஊரைச் சென்று அடைய வேண்டும். ஒவ்வொரு பயணத்தையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். திண்ணையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த அப்பா, இதைத்தானே தாம் அன்றாடம் செய்கிறோம் என்றார். கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம் தெரிகிறது, அனல் மின் நிலையப் புகைபோக்கி அதற்கு எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்துத்தானே அவர் கடலில் இடம் கண்டுபிடிக்கிறார்! பிறகு செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். தம்பி சொன்னான். எங்கள் படகையும் மோட்டாரையும் வலைகளையும் சேர்த்து விற்றாலும் அதில் காற்பங்கு தேறாது. அதன்பின் அன்று வீட்டில் யாரும் பேசவில்லை.

அந்த வாரம் நான் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். இந்த நாட்டில் முதன்முதலில் இப்படி மணிக்கணக்கை எழுதி உரிமம் வாங்கியவர் யார் என்று அறிய விரும்பினேன். அவ்வாறு எனக்கு அறிமுகமானவர்தான் ஜே.ஆர்.டி. டாட்டா. எஃகும் லாரியும் உப்பும் விற்கும் குடும்பத்தின் தலைவர் என்ற அளவிலேயே அதுவரை அவரை அறிந்திருந்தேன்.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பார்சி, தாய் சூசன் பிரெஞ்சுப் பெண்மணி. கோடை விடுமுறைகளை அவர்கள் பிரான்சின் வடகரையில் ஆர்தெலோ என்னும் கடற்கரை ஊரில் கழித்தனர். 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவுக்கு அங்கே வீடு இருந்தது. அந்தக் கடற்கரை மணலில் விமானம் வந்து இறங்குவதைச் சிறுவன் ஜஹாங்கீர் வாய் பிளந்து பார்த்தான். பதினைந்து வயதில் கட்டணம் கொடுத்து விமானத்தில் ஒரு சிறு சுற்றுச் சென்று வந்தான். விமானியாக வேண்டும் என்ற ஆசை அவன் மனத்தில் அப்போதே நிலைத்துவிட்டது.

கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவருடைய மற்றோர் ஆசை. அது நிறைவேறவில்லை. பிரெஞ்சுப் படையில் கட்டாயப் பணி முடிந்ததும், 1925இல் தந்தை அவரை இந்தியாவுக்கு அழைத்து நிறுவனத்தில் சேர்த்துவிட்டார். அடுத்த ஆண்டே தந்தை காலமானார். தாய் அதற்கு முன்பே 1923இல் இறந்துவிட்டார். இருபத்திரண்டு வயதில் குடும்பப் பொறுப்பு தலைமேல் விழுந்தது. பட்டம் பெறாத குறை அவரைக் கடைசிவரை உறுத்தியதாம். அதனாலேயே எந்த அறிக்கையையும் இரவு முழுதும் கண் விழித்துப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே அவர் கூட்டத்துக்குச் செல்வார் என்பர். தேர்வுக்கு முந்திய இரவில் மட்டும் கண் விழிக்கும் நம்மில் பலருக்கு இந்தச் செய்தி சற்றே சங்கடமானது.

பம்பாயில் விமானப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டவுடன் அதில் சேர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். ஆசிரியருடன் மூன்றரை மணி நேரம் பறந்த பிறகே அவர் தனியாக விமானத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியா, பர்மா விமானக் கழகம் அவருக்கு உரிமம் வழங்கியது. அதன் எண் 1. இந்நாட்டில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் அதுவே.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டாட்டா செல்வர் வீட்டுப் பிள்ளை. மணிக்கணக்கில் பறக்கப் பணம் வேண்டும். அது அவரிடம் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஏற்பட்டது வியப்பன்று, கசப்புதான். தம்பியிடம் சொல்லக்கூட வேண்டாம் என்று நூலை மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் திறந்தபோது கண்ணில் பட்டது 1930ஆம் ஆண்டுப் பந்தயம். அதைப் படித்திராவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கோ, இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கோ, ஒரு மாத காலத்துக்குள் தன்னந்தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என ஆகாகான் அறிவித்திருந்தார். மூவர் களத்தில் இறங்கினர். ராவல்பிண்டியைச் சேர்ந்த மன்மோகன் சிங் ஒருவர். அஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பார்சி இளைஞர் இன்னொருவர். இவ்விருவரும் இங்கிலாந்திலிருந்து கிளம்பினர். டாட்டா மட்டும் எதிர்த்திசையில், 1930 மே 3 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 25.

அவர் ஓட்டிய ஜிப்ஸி மாத் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரச் சட்டமும் துணியும் கொண்டு செய்தது. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. ஓட்டுபவர் உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. வானொலி இல்லை. திசைகாட்டி, வரைபடம், கடிகாரம், கண் ஆகியவற்றை நம்பியே போக வேண்டும். பாரசீக வளைகுடாவின் கரையை விடாமல் பிடித்துக்கொண்டு சென்று, ஈராக்கின் பாலைவனத்தைத் தாண்டி, எகிப்தை அடைந்து, அங்கிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டும். கரை தெரிந்தால் வழி தெரியும். கரை மறைந்துவிட்டால் கணக்கு மட்டுமே துணை. கட்டுமரத்தில் போன எங்கள் தாத்தாக்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அந்த விமானத்தின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக்குகள். பிளக் பொறி தராவிட்டால் எரிபொருள் பற்றாது, எஞ்சின் திணறும். ஆகவே நெடுந்தூரம் செல்பவர்கள் உதிரிப் பிளக்குகளைக் கையோடு எடுத்துச் செல்வது வழக்கம்.

எகிப்தில் அலெக்சாண்டிரியா நகருக்கு அருகே அபூகீர் என்னும் விமானத் தளத்தில் டாட்டா இறங்கினார். அங்கே இன்னொரு மாத் விமானம் நின்றிருந்தது. அஸ்பி எஞ்சினியருடையது! எதிரும் புதிருமாகக் கிளம்பிய இருவரும் ஏறத்தாழ நடுவழியில் சந்தித்துவிட்டனர். நலம் விசாரித்தபோது, எஞ்சினியரிடம் உதிரிப் பிளக் இல்லை என்பதும், அது வந்து சேரும்வரை அங்கேயே காத்துக் கிடக்கிறார் என்பதும் தெரிந்தன. போட்டியாளர் பாலைவனத்தில் நிற்கிறார். இவர் ஒரு தேநீர் அருந்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டாட்டா தம்மிடம் இருந்த உதிரிப் பிளக்குகளை எடுத்துப் பகிர்ந்து கொடுத்தார். நன்றி பொங்கிய எஞ்சினியர், கடல்மேல் பறக்கப் போகும் டாட்டாவுக்குத் தம்முடைய உயிர்காப்பு உடுப்பைக் கொடுத்தார். இருவரும் அவரவர் திசையில் கிளம்பினர்.

எஞ்சினியர் மே 11 அன்று கராச்சியை அடைந்தார். டாட்டா லண்டனுக்கு அருகிலுள்ள குரோய்டன் விமான நிலையத்தில் இறங்கியபோது தேதி மே 12. சில மணி நேர வேறுபாட்டில் பரிசு எஞ்சினியருக்குப் போய்விட்டது. மன்மோகன் சிங்கும் பயணத்தை முடித்திருந்தார்; ஆனால் ஒரு மாதக் கெடு தாண்டிவிட்டது.

இதைப் படித்துக்கொண்டிருந்த நூலக மேசையிலேயே எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஏரியில் பாடு என்ற முறை உண்டு. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. முறை பழையது; அதைப் பற்றிய சண்டையும் பழையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பம் ஒன்றுக்கும் பாட்டுத் தகராறு முற்றிப் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. அந்நாளில் ஒரு விடியற்காலை அப்பா கடலுக்குப் போயிருந்தார். நல்ல இறால். ஏலத்துக்கு முன் கரை சேர்ந்துவிட வேண்டும் என்று திரும்பும் வழியில், அந்தக் குப்பத்துப் படகு ஒன்று மோட்டார் நின்று நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்ததாம். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களில் பிளக்கில் கரி பிடிப்பது வழக்கமான தொல்லை. அவர்களிடம் மாற்றுப் பிளக் இல்லை. அப்பா தம்மிடம் இருந்த ஒரே உதிரிப் பிளக்கைக் கொடுத்துவிட்டார். அவர்கள் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அரை மணி நேரத்தில் எங்கள் மோட்டார் நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டு, பாதித் தூரம் துடுப்புப் போட்டு, அப்பா முகத்துவாரத்துக்குள் நுழைந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஏலம் முடிந்து, வியாபாரிகள் போய்விட்டார்கள். ஐஸ் கரைந்துவிட்டது. நான்கு நாள் கூலிக்குச் சமமான இறால், கேட்ட விலைக்குப் போயிற்று.

ஊரார் அப்பாவை ஏசினார்கள். அதைவிட அதிகமாக ஏசியது நான்தான். அந்த மாதம் என் விடுதிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. நம்மோடு பேசாதவர்களுக்கு நம் பிளக்கைக் கொடுக்க என்ன அவசியம் என்று கத்தினேன். அப்பா பதில் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து, சோறு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார். அந்தப் பிளக் இன்றுவரை திரும்பி வரவில்லை. உயிர்காப்பு உடுப்பும் யாரும் தரவில்லை.

டாட்டா அந்தப் பரிசை இழந்ததற்காக வருந்தியதில்லை. அஸ்பி வென்றது நல்லதாயிற்று, அந்த வெற்றி அவர் விமானப் படையில் சேர உதவியது என்றே பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லி வந்தார். அந்தப் பதினேழு வயதுப் பையன்தான் 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஏர் மார்ஷல் எஞ்சினியர். மன்மோகன் சிங்கின் கதை துயரமானது. அவர் 1942இல் ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானியர் நடத்திய தாக்குதலின்போது உயிரிழந்தார்.

பறப்பதில் டாட்டாவுக்கு இருந்த ஆசை, சில ஆண்டுகளிலேயே பிறருக்குப் பயன்படும் தொழிலாக மாறிற்று. நெவில் வின்சென்ட் என்ற விமானி, கராச்சிக்கு விமானத்தில் வந்து இறங்கும் ஐரோப்பியத் தபால்களை அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் விமானத்திலேயே கொண்டு செல்லலாம் என்று ஒரு திட்டத்தோடு வந்தார். டாட்டா நிறுவனம் இரண்டு லட்சம் ரூபாய் முதல் போட்டது. 1932 அக்டோபர் 15 காலையில் டாட்டா ஒரு புஸ் மாத் விமானத்தில் சுமார் 25 கிலோ தபால்களுடன் கராச்சியிலிருந்து கிளம்பினார். அகமதாபாத்தில் பெட்ரோல் நிரப்ப இறங்கினார். அங்கே பெட்ரோல் டின்கள் வந்தது மாட்டு வண்டியில். பிற்பகலில் பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்ட வின்சென்ட், பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் முதல் வழித்தடம் நம் சென்னையில் வந்து முடிந்தது என்பது நமக்குப் பெருமைதானே!

அந்த ஜூஹு நிலையத்தை நினைத்தால் எங்கள் ஊர் நினைவே வருகிறது. அது கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் அங்கே விமானம் இறங்க முடியாது, பூனாவுக்கு மாற்றிக்கொள்வார்கள். நிலையம் என்று இருந்தது ஓர் ஓலைக் கொட்டகை. இரண்டு விமானங்கள், ஒரு முழுநேர விமானி, விரல் விட்டு எண்ணத்தக்க பணியாளர்கள். இவற்றை வைத்துக்கொண்டு முதல் ஆண்டிலேயே 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளையும் பத்து டன்னுக்கு மேற்பட்ட தபாலையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 60,000 ரூபாய் லாபமும் கண்டார்கள். நேரம் தவறாமைக்காக அரசாங்கத்தின் பாராட்டையும் பெற்றார்கள். வின்சென்ட் 1942இல் போர்க்காலப் பயணம் ஒன்றில் விமானத்தோடு மறைந்துபோனார்.

அதன் பிறகு நடந்தவை பாடநூல்களில் உள்ளவை. 1938இல், முப்பத்து நான்காம் வயதில், டாட்டா சன்ஸ் தலைவரானார். 1946இல் அந்தச் சிறு நிறுவனம் ஏர் இந்தியா ஆயிற்று. 1948 ஜூன் 8 அன்று மலபார் பிரின்சஸ் விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. 1953இல் அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. டாட்டா அதை விரும்பவில்லை. எனினும் அரசு கேட்டுக்கொண்டபடி ஏர் இந்தியாவின் தலைவராக இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். விமானத்தில் ஏறினால் தேநீரின் நிறம், திரைச்சீலையின் சுருக்கம், கழிவறையின் தூய்மை ஒவ்வொன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்வாராம். 1978இல் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்தச் செய்தியை நேரில் சொல்லக்கூட அரசில் எவருக்கும் மனம் வரவில்லை. அடுத்துப் பதவிக்கு வரவிருந்தவர் வாயிலாகவே அவர் அறிய நேர்ந்தது. 1992இல் பாரத ரத்னா விருது பெற்று, 1993 நவம்பர் 29 அன்று ஜெனீவாவில் காலமானார். அவர் தொடங்கிய விமான நிறுவனம் 2022 ஜனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்திடமே வந்து சேர்ந்ததைக் காண அவர் இல்லை.

ஆனால் தம்பிக்கு நான் சொன்னது இவற்றை அல்ல. 1982 அக்டோபர் 15 அன்று நடந்ததைச் சொன்னேன். முதல் தபால் விமானத்தின் ஐம்பதாவது ஆண்டு அது. டாட்டாவுக்கு வயது 78. பழைய லெப்பர்ட் மாத் விமானம் ஒன்றைச் செப்பனிட்டு, கராச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பம்பாய்க்கு அதே பழைய வழியில் தாமே ஓட்டி வந்து ஜூஹுவில் இறங்கினார். நாட்டில் இளைஞர்களிடையே நம்பிக்கை குறைந்து வருவதாக அவருக்கு ஒரு கவலை இருந்தது. அதற்காகவே இந்தப் பயணத்தை மேற்கொண்டதாகக் கூறினார். அபூகீர் கதையையும் சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். அப்பா பீடியைப் பற்றவைத்தபடி, அந்தப் பார்சிப் பையனிடம் எத்தனை பிளக் கொடுத்தார் என்று மட்டும் கேட்டார். சிலவற்றை என்றேன். அப்படியென்றால் அவர் கையில் மீதி இருந்திருக்கும் என்று சொல்லி அப்பா சிரித்தார். பல மாதங்களாகக் கேட்க வேண்டும் என்று நான் மனத்தில் வைத்திருந்த மன்னிப்பை அன்றிரவுதான் கேட்டேன். எதற்கு என்பதே அவருக்கு நினைவில்லை. அல்லது நினைவில்லாததுபோல் காட்டிக்கொண்டார்.

பணத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை. உதவித்தொகை, வங்கிக் கடன் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். முதலில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது. இதற்கிடையில் தம்பி ஒரு நீள நோட்டை வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறான். சனிக்கிழமைகளில் அப்பாவோடு கடலுக்குப் போகிறான். தேதி, புறப்பட்ட நேரம், காற்றின் திசை, கலங்கரை விளக்கமும் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வந்த நேரம், திரும்பிய நேரம் எல்லாவற்றையும் அதில் எழுதுகிறான். கடைசிக் கட்டத்தில் அப்பாவிடம் கையொப்பம் வாங்குகிறான். அப்பா ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு, தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதுகிறார். விடுமுறைக்கு நான் ஊருக்குச் சென்றபோது எடுத்துப் பார்த்தேன். 61 மணி 20 நிமிடம் ஆகியிருந்தது. முதல் பக்கத்தின் உள் அட்டையில், படகில் எப்போதும் இருக்க வேண்டிய பொருள்கள் என்று ஒரு பட்டியல் எழுதி ஒட்டியிருந்தான். அதில் முதலாவதாக இருந்தது: பிளக், மூன்று.